தாய்மாமன் தண்ணீர்

மேல் டிவிஷன் லயம்,
கோலா தெர்லா சாலை,
கேமரன் மலை.
11 பிப்ரவரி 2024

அன்புத் தங்கச்சி மலருக்கு,

உன் அண்ணன் ஹரிதாஸ் எழுதுவது. இங்கே நானும் குளிரும் சௌக்கியம். நீயும் என் மருமகளும் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள். அம்மனிடம் அப்படிக் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருக்கிறேன்.

குகன் மாப்பிள்ளை கோயில் ஆபீசுக்குப் போன் போட்டு, "மச்சான், பொண்ணு பொறந்துருக்கு லா" என்று சொன்ன சேதியை அங்கிருந்தவர்கள் கத்திச் சொன்னபோது நான் கோயில் வாசலில் ஏணி மேல் நின்று பல்பு மாட்டிக்கொண்டிருந்தேன். ஏணியிலிருந்து இறங்கினேனா, விழுந்தேனா என்று இன்னும் எனக்கே தெரியாது. கல்யாணமாகி ஒன்பது வருஷம். எத்தனை டாக்டர், எத்தனை விரதம், எத்தனை பேர் வாயில் விழுந்து எழுந்தாய் நீ! நம் எஸ்டேட் லயத்தில் வீடு வீடாகக் கேசரி கிண்டிக் கொடுத்தேன். பக்கத்து வீட்டுத் தங்கம்மா அக்கா வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, "சீனி போட மறந்துட்டியா தம்பி?" என்றார். மறந்துதான் போயிருந்தேன்.

இந்தக் கடிதத்தோடு இரண்டு நீலப் பிளாஸ்டிக் தோங் நிறையத் தண்ணீர் வருகிறது. அஸார் ஈப்போ மார்க்கெட்டுக்கு முட்டைக்கோஸ் ஏற்றிப் போகும்போது லோரியில் உன் வாசலில் இறக்கிவிடுவான். மாப்பிள்ளை டவுன்காரர், அவருக்கு நம் வழக்கம் தெரியாது. இதைப் படித்துக் காட்டு. நம் லயத்தில் பிள்ளை பிறந்தால் சோறு ஊட்டும் நாள்வரைக்கும் அதைக் குளிப்பாட்டவும், அதன் வாயில் போகவும் தாய்மாமன் மொண்டு வந்த ஊற்றுத் தண்ணீர்தான். நீ பிறந்தபோது மாமா மொண்டு வந்தார். நான் அவர் பின்னால் மூடியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அப்போது எனக்குப் பதினாலு வயது. அப்பாவும் அம்மாவும் போன பிறகு உனக்குச் செய்ய வேண்டியது எதையும் நான் விட்டதில்லை, இதையும் விடமாட்டேன்.

நம் பள்ளத்தில் போனுக்குச் சிக்னல் கிடையாது. பதிலை எழுதிக் காலித் தோங்கோடு அஸாரிடம் கொடுத்துவிடு. பெயர் வைத்தாயிற்றா?

உன் அண்ணன்,
ஹரிதாஸ்

*

புந்தோங், ஈப்போ.
25 பிப்ரவரி 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் சீர்வரிசை முட்டைக்கோஸ் வாசத்தோடு வந்து சேர்ந்தது. அஸார் தோங்கைத் தோளில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றபோது எதிர் வீட்டு அம்மா சமையல் கேஸ் தோம்பு என்று நினைத்து எனக்கும் ஒன்று என்று கேட்டுவிட்டார்.

பெயர் யுவனேஸ்வரி. வீட்டில் யுவா. மூக்கு உங்களுடையது, அதற்காக நான் அம்மனிடம் தனியாகப் பேச வேண்டியிருக்கிறது. பசி வந்தால் கத்துகிற கத்தும் உங்களுடையதுதான்.

தண்ணீரைப் பார்த்ததும் இவர் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். "பைப்பத் தெறந்தா தண்ணி வருது. மலையிலேர்ந்து எதுக்கு லா தண்ணி?" என்றார். மாமியார்தான், "தாய்மாமன் அனுப்புனத வேணான்னு சொல்லக் கூடாதுடா" என்று வாயை அடைத்தார். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: குளிப்பாட்ட உங்கள் தண்ணீர், பாலுக்குப் பைப் தண்ணீர்.

அண்ணே, எனக்குப் பால் போதவில்லை. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. முப்பத்தெட்டு வயதில் பிள்ளை பெற்றால் அப்படித்தான் என்று கிளினிக்கில் நர்ஸ் மிஸி சொன்னார். டின் பால்தான் கரைத்துக் கொடுக்கிறேன். இவரிடம் சொல்லிவிடாதீர்கள், அதையும் உங்கள் தண்ணீரில்தான் கரைக்கிறேன். இவர் டயர் கடைக்குப் போனதும் தோங்கைத் திறப்பேன். இங்கே பைப்பில் வருகிற தண்ணீரில் மருந்து வாடை. உங்கள் தண்ணீரைக் கண்ணாடிக் கிளாசில் ஊற்றினால் கிளாஸ் காலியாக இருக்கிற மாதிரித் தெரிகிறது. என் பால்தான் அவளுக்கு இல்லை, நம் ஊர்த் தண்ணீராவது உள்ளே போகட்டும் என்று இருக்கிறது.

அன்புடன்,
மலர்

*

மேல் டிவிஷன் லயம்.
10 மார்ச் 2024

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைக் கோயில் ஆபீசில் வைத்து மூன்று தடவை படித்தேன். பால் போதவில்லை என்றால் அதில் வெட்கம் என்ன? நீ டின் பாலில் வளர்ந்தவள்தான், உன் வாய்க்கு என்ன குறைச்சல்? மாப்பிள்ளை விஷயம் என்னோடு இருக்கும், பயப்படாதே.

ஒன்று மட்டும் கவனம். தண்ணீரைச் சும்மா கொதிக்கவைத்து இறக்கிவிடாதே. பச்சைப் பிள்ளை வயிறு. அடுப்பில் வைத்துப் பாதியாகச் சுண்டும்வரை காய்ச்சு. இங்கே எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம். தண்ணீர் குறைந்துவிடுமே என்று பார்க்காதே, இந்தத் தடவை மூன்று தோங் அனுப்புகிறேன்.

எனக்கு வேலை அதிகம். பன்னிரண்டாம் நம்பர் மலையில் பழைய தேயிலையைப் பிடுங்கிவிட்டுப் பள்ளத்தைக் குப்பை கொட்டக் குத்தகைக்கு விட்டது உனக்குத் தெரியுமே, இரண்டு வருஷமாக அங்கேதான் லோரி ஓட்டுகிறேன். பிரிஞ்சாங் ஹோட்டல் குப்பை, இரவுச் சந்தைக் குப்பை, கியா பார்மில் அழுகின காய், கோழி எரு மூட்டை, மருந்து டப்பா எல்லாம் என் லோரியில்தான் போகிறது. நாற்றத்தைத் தவிர வேலை கஷ்டமில்லை. கொழுந்துக் கூடை தூக்கிய முதுகுக்கு இது ராஜ உத்தியோகம்.

தங்கம்மா அக்கா மட்டும் புலம்பிக்கொண்டிருக்கிறார். "தேத்தண்ணி முன்ன மாரி இல்ல தம்பி. ஊத்து மேல நீ கொட்டுற குப்பதான்" என்கிறார். குப்பைப் பள்ளம் எங்கே, ஊற்று எங்கே? நடுவில் ஒரு மலையே இருக்கிறது. அத்தனை மண்ணில் இறங்கி வடிந்து வருகிற தண்ணீருக்கு இனி என்ன வடிகட்டி வேண்டும்? அக்காவுக்கு நாக்கு செத்துவிட்டது என்று சொல்லித் திட்டு வாங்கினேன்.

யுவாவின் படம் ஒன்று அனுப்பு. மூக்கைப் பார்க்க வேண்டும்.

ஹரிதாஸ்

*

புந்தோங்.
26 மார்ச் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

படம் உள்ளே இருக்கிறது. மூக்கைப் பார்த்து மன்னிப்புக் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். நாலு நாளாக யுவாவின் உதடு நீலமாக இருக்கிறது. முதலில் குளிப்பாட்டியதால் என்று நினைத்தேன். மாமியாரும் குளிர் என்கிறார். ஆனால் ஈப்போவில் என்ன குளிர், அண்ணே? உச்சி வெயிலில் துணியில் சுற்றி வைத்தாலும் நகத்தடியெல்லாம் அதே நிறம். நாவற்பழம் தின்ற குழந்தை மாதிரி. கத்துவதும் குறைந்துவிட்டது. முன்பு பால் பாட்டிலைப் பார்த்தால் காலை உதைப்பாள், இப்போது பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறாள். வயிறும் இரண்டு நாளாகப் போகிறது.

கிளினிக்கில் ஏப்ரல் பத்தாம் தேதி வரச்சொல்லி அட்டையில் எழுதியிருக்கிறார்கள். அதற்கு முன்னால் போகலாமா என்று இவரிடம் கேட்டேன். மார்ச் முடிகிறவரை கடையில் ஆள் இல்லை என்கிறார். மலையில் பிள்ளைகளுக்கு இப்படி வருவதுண்டா? தங்கம்மா அக்காவைக் கேட்டு எழுதுங்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.

மலர்

*

மேல் டிவிஷன் லயம்.
29 மார்ச் 2024

அன்புத் தங்கச்சிக்கு,

பயப்படாதே. நீயும் சின்னதில் நீலமாகத்தான் இருந்தாய், மலைக் குளிரில் உன் கன்னமும் உதடும் எப்போதும் அப்படித்தான். தங்கம்மா அக்காவைக் கேட்டேன். "வயிறு போனா புள்ள வாடும் தம்பி, தண்ணி நெறயா குடுக்கச் சொல்லு" என்றார். அதனால் பாலோடு நிறுத்தாமல் நடுநடுவில் வெறும் தண்ணீரும் கொடு. நன்றாகச் சுண்டக் காய்ச்சிக் கொடு. இன்று விடியற்காலையில் நானே இறங்கி, ஊற்று வாயில் சருகெல்லாம் வாரி எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீராக நாலு தோங் மொண்டேன்.

அம்மனுக்கு வேண்டிக்கொண்டேன். யுவாவுக்குச் சோறு ஊட்டுகிற நாளில் அவளை நான் தூக்கிக்கொண்டு கோயிலை மூன்று சுற்றுச் சுற்றுவேன். என் மருமகளுக்கு ஒன்றும் வராது.

ஹரிதாஸ்

*

மேல் டிவிஷன் லயம்.
12 மே 2024

மலருக்கு,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் ஒரு மாதமாக எழுதவில்லை.

அன்றைக்கு மாப்பிள்ளை அஸாருக்குத்தான் போன் போட்டார், அவன் லயத்துக்கு ஓடிவந்தான். "மாமா, ஏறுங்க" என்றான். எதற்கு என்று நான் கேட்கவில்லை. ஈப்போ வரும்வரைக்கும் அவனும் சொல்லவில்லை. உன் வீட்டு வாசலில் செருப்புகளைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

அறுபத்தாறு நாள். அவளைத் தூக்கிச் சுற்றுகிறேன் என்று வேண்டிக்கொண்டவன், துணியில் சுற்றித்தான் முதல்முறை தூக்கினேன். குழிவரைக்கும் தாய்மாமன்தான் தூக்க வேண்டும் என்று உன் மாமியார் சொன்னார். தூக்கினேன். கனமே இல்லை, மலர். நீ பிறந்தபோது இதைவிடக் கனமாக இருந்தாய், எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

மாப்பிள்ளை என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார். அவர் துக்கம் அவருக்கு. இருதயத்தில் கோளாறோ இரத்தத்தில் கிருமியோ என்று ஆஸ்பத்திரியில் சொன்னதாக உன் மாமியார் சொன்னார். இருதயம் என்றால் யார் என்ன செய்ய முடியும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொள்கிறேன். சமாதானம் ஆகவில்லை.

நீ கொஞ்ச நாள் மலைக்கு வந்து இரு. உன் அறை அப்படியே இருக்கிறது. நான் சமைக்கிறேன், நீ ஒன்றும் செய்ய வேண்டாம். இரண்டு வரி எழுது.

அண்ணன்

*

புந்தோங்.
16 ஜூன் 2024

அண்ணனுக்கு,

கடிதம் வந்தது. இன்னும் பிள்ளைத் துணிகளை மடித்து வைக்கவில்லை. கொடியிலேயே கிடக்கின்றன. மழை வந்தால் எடுக்கிறேன், வெயில் வந்தால் போடுகிறேன்.

இனிமேல் தண்ணீர் அனுப்ப வேண்டாம். மலைக்கு இப்போது வர முடியாது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மலர்

*

மேல் டிவிஷன் லயம்.
25 ஆகஸ்ட் 2024

அன்புத் தங்கச்சிக்கு,

நீ எழுதாவிட்டாலும் நான் எழுதுவேன். இன்று எழுதாமல் இருக்கவே முடியவில்லை.

தங்கம்மா அக்காவின் மருமகளுக்கு ஜூன் மாதம் ஆண் பிள்ளை பிறந்தது, லிங்கேஸ்வரன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். போன திங்கட்கிழமை அந்தப் பிள்ளைக்கு உதடு நீலமாகிவிட்டது. குப்பையை நடு ரோட்டில் சாய்த்துவிட்டு, அதே லோரியில் பிள்ளையையும் அதன் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு ஈப்போ ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். கங்காணி பின்னாலிருந்து கத்தினான். கத்தட்டும்.

அங்கே ஒரு டாக்டர் பிள்ளையைப் பார்த்தார். ஊசியில் இரத்தம் எடுத்தால் அது சிவப்பாக இல்லை, சாக்லேட் நிறம். உடனே அந்தப் பெண்ணிடம், "பால் எந்தத் தண்ணியில கரைக்கிறீங்க?" என்று கேட்டார். "ஊத்துத் தண்ணி" என்று அவள் சொன்னாள். அவ்வளவுதான் கேட்டார், மலர். நீல நிறத்தில் ஒரு மருந்தை நரம்பில் ஏற்றினார்கள். நான் கண்ணால் பார்த்தேன். ஒரு மணி நேரத்தில் அந்தப் பிள்ளையின் உதடு சிவந்துவிட்டது. கத்தத் தொடங்கியது. தங்கம்மா அக்கா தரையில் உட்கார்ந்து அழுதார்.

சந்தோஷப்பட வேண்டியவன்தான் நான். ஆனால் வரும் வழியெல்லாம் ஒரே கேள்வி. அதே ஆஸ்பத்திரி. அதே வார்டு. உன்னிடம் ஏன் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை? ஒரு கேள்வி! கேட்டிருந்தால் யுவாவுக்கும் அந்த ஊசியைப் போட்டிருப்பார்களே. அன்றைக்கு யார் பார்த்தார்கள்? பெயர் ஞாபகம் இருக்கிறதா? எனக்கு எழுது.

அண்ணன்

*

மேல் டிவிஷன் லயம்.
22 செப்டம்பர் 2024

அன்புத் தங்கச்சிக்கு,

போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. உன்னைத் தொந்தரவு செய்கிறேன் என்று தெரிகிறது. இதை மட்டும் படித்துவிடு.

சுகாதார இலாகாவிலிருந்து வந்து ஊற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் எடுத்துக்கொண்டு போனார்கள். முடிவு வந்துவிட்டது. நைட்ரேட் என்கிறார்கள். அழுகின குப்பையிலிருந்தும் எருவிலிருந்தும் வடிகிற சாறு மண்ணுக்குள்ளேயே இறங்கி, அடியிலேயே ஊர்ந்து ஊற்றுக்கு வந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, வாடை கிடையாது. பெரியவர்கள் குடித்தால் உடனே ஒன்றும் ஆகாதாம். ஈயம் மாதிரி வேறு என்னென்ன கலந்திருக்கிறது என்று இன்னும் பார்க்கிறார்கள், அதெல்லாம் வருஷக்கணக்கில் குண்டிக்காயை, அதுதான் கிட்னியை, தின்னுமாம். பச்சைப் பிள்ளை என்றால் இரத்தம் மூச்சுக்காற்றைச் சுமக்க முடியாமல் உள்ளேயே திணறிப்போகுமாம்.

நான் அந்த அதிகாரியிடம், "நல்லா காய்ச்சித்தானே சார் குடிக்கிறோம்" என்று சொன்னேன். அவர், "காய்ச்சுனா கிருமி சாகும். இது சாகாது. தண்ணிதான் வத்தும், இது அப்படியே தங்கும். சுண்டச் சுண்ட வெஷம்தான் கூடும்" என்றார்.

பாதியாகச் சுண்டும்வரை காய்ச்சு என்று உனக்கு நான் எழுதினேன். நாலு தோங் மொண்டு அனுப்பினேன். வெறும் தண்ணீரும் கொடு என்று எழுதினேன். அந்தக் குப்பையை இரண்டு வருஷம் அந்தப் பள்ளத்தில் கொட்டியதும் இந்தக் கைதான். நடுவில் ஒரு மலையே இருக்கிறது என்று சிரித்தவனும் நான்தான். என்னை நீ என்ன வேண்டுமானாலும் சொல்லு, கேட்டுக்கொள்கிறேன்.

ஊற்றுக்கு வேலி போட்டுவிட்டார்கள். லயத்துக்குத் தொட்டி லோரியில் தண்ணீர் வருகிறது. ஆனால் பள்ளம் மூடவில்லை. நான் வேலையை விட்டுவிட்டேன், வேறு ஆள் ஓட்டுகிறான். குத்தகைக்காரர் கூட்டத்தில் எழுந்து நின்று, "என்னா பெரிய விஷயம்? ஒரு புள்ளைக்கு முடியல, ஊசி போட்டாங்க, நல்லாயிடுச்சி. யாராச்சும் செத்தாங்களா?" என்று கேட்டார். நான் எழுந்தேன். என் மருமகள் செத்தாள் என்று சொன்னேன். அதற்கு அந்த ஆள், "இருதயம்னுதானே ஆஸ்பத்திரில எழுதியிருக்காங்க?" என்றார்.

அதுதான், மலர். எல்லாம் அந்த ஆஸ்பத்திரியில் வந்து நிற்கிறது. அவர்கள் கேட்டிருந்தால் பிள்ளையும் பிழைத்திருப்பாள், இந்தத் தண்ணீர் விஷயமும் ஏப்ரல் மாதமே வெளியில் வந்திருக்கும், தங்கம்மா அக்காவின் பேரன் அந்தப் பாடு பட்டிருக்க வேண்டாம். அட்டையில் டாக்டர் நஜ்வா என்று போட்டிருந்ததாக உன் மாமியார் அஸாரிடம் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் மேல் போலீஸ் ரிப்போர்ட் செய்யப் போகிறேன். புகாரை எழுதி இதோடு வைத்திருக்கிறேன். "என்ன தண்ணீர் கொடுத்தாய் என்று டாக்டர் என்னைக் கேட்கவே இல்லை" என்ற வரிக்குக் கீழே நீ கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதும். அக்டோபர் முதல் தேதி கொடுக்கிறேன். நான் செய்த பாவத்தைக் குறைத்துக்கொள்ள இல்லை, தங்கச்சி. அவளுக்காக ஏதாவது ஒன்று செய்ய வேண்டும் எனக்கு.

உன் அண்ணன்,
ஹரிதாஸ்

*

புந்தோங், ஈப்போ.
27 செப்டம்பர் 2024

அண்ணனுக்கு,

புகாரில் நான் கையெழுத்துப் போடவில்லை. கிழித்துவிட்டேன். நீங்களும் ரிப்போர்ட் செய்ய வேண்டாம். ஏன் என்று எழுதுகிறேன், ஒரே மூச்சில் படித்துவிடுங்கள். என்னால் இரண்டாம் தடவை எழுத முடியாது.

டாக்டர் நஜ்வா கேட்டார்.

ஏப்ரல் எட்டாம் தேதி மத்தியானம். யுவாவின் கையில் ஊசி குத்தி இரத்தம் எடுத்தார்கள். நீங்கள் எழுதியிருக்கிற அதே நிறம். அந்தப் பெண்ணுக்கு இருபத்தெட்டு வயது இருக்கும். ட்யூபைக் கையில் வைத்துக்கொண்டே என்னிடம் திரும்பி, "அக்கா, பால் எந்தத் தண்ணியில கலக்குறீங்க? கிணத்துத் தண்ணியா, மலைத் தண்ணியா?" என்று கேட்டார். இவர் என் பக்கத்தில் நின்றார். பாலுக்கு அந்தத் தண்ணீர் வேண்டாம் என்று ஆரம்பத்திலேயே சொன்னவர். உண்மையைச் சொன்னால் அந்த இடத்திலேயே உங்களைத் திட்டுவார், அதற்கப்புறம் இந்த வீட்டு வாசலில் உங்களை ஏறவிட மாட்டார் என்று நினைத்தேன். பிள்ளை பிழைத்துவிடுவாள், அண்ணனுக்கு எதற்குக் கெட்ட பெயர் என்று நினைத்தேன். அந்தத் தண்ணீரில் கெடுதல் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை, அண்ணே. நீங்கள் மொண்டது.

"பைப் தண்ணி" என்றேன்.

அவர் நம்பவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து, "நல்லா யோசிச்சிச் சொல்லுங்கக்கா. ஒரு தடவகூட வேற தண்ணி குடுக்கலயா?" என்று கேட்டார். இவர் எனக்கு முன்னால் பதில் சொன்னார். "பைப் தண்ணிதான் டாக்டர், நானே சொல்லி வெச்சிருக்கேன்" என்றார். நான் தலையை ஆட்டினேன். அதற்குப் பிறகு இருதயத்துக்கு ஸ்கேன் எடுக்க எழுதினார்கள். மறுநாள் காலை அந்த ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போதுதான் யுவா போனாள்.

நஜ்வா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். எதையோ விட்டுவிட்டேன் என்று அவர் சொன்னார். அந்தப் பெண் இன்னும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருப்பாள்.

அப்போதும் எனக்குத் தெரியாது. உங்கள் ஆகஸ்ட் கடிதம் வந்த அன்றுதான் தெரிந்தது. தங்கம்மா அக்காவின் மருமகள் "ஊத்துத் தண்ணி" என்று சொன்னாளாம், ஒரு மணி நேரத்தில் உதடு சிவந்ததாம். அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அடுப்பில் சோறு தீய்ந்து பக்கத்து வீட்டார் வந்து கதவைத் தட்டினார்கள்.

நான் சொல்லியிருந்தால் அவள் இருந்திருப்பாள். லிங்கேஸ்வரனுக்கும் வந்திருக்காது. உங்கள் குப்பைப் பள்ளத்தையும் ஏப்ரலிலேயே தோண்டிப் பார்த்திருப்பார்கள். யாரைக் காப்பாற்ற வேண்டும் என்று டாக்டர் என்னைக் கேட்டார், நான் உங்களைக் காப்பாற்றினேன். நீங்கள் அறியாமல் செய்தீர்கள். நான் வாயைத் திறந்து பொய் சொன்னேன்.

உங்களுக்கு இப்போது கோபப்பட ஓர் ஆள் வேண்டும். எனக்கும் வேண்டியிருந்தது. ஒரு மாதம் உங்கள் மேல் கோபப்பட்டுப் பார்த்தேன், முடியவில்லை. கடைசியில் கண்ணாடிக்கு முன்னால் வந்துதான் நிற்கிறேன்.

நேற்று இவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. "ரெண்டாவது தடவ நான்தான் பதில் சொன்னேன்" என்று மட்டும் சொன்னார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். இன்னும் வீட்டுக்கு வரவில்லை. கடையில்தான் இருப்பதாக மாமியார் சொல்கிறார்.

இந்தக் கடிதத்தைச் சுகாதார இலாகா அதிகாரியிடம் கொடுங்கள். பிப்ரவரி மாதம் நான் எழுதியதையும் சேர்த்துக் கொடுங்கள், பாலை எந்தத் தண்ணீரில் கரைத்தேன் என்று அதில் என் கையெழுத்திலேயே இருக்கிறது. யாராவது செத்தார்களா என்று கேட்ட ஆளுக்கு அவர்கள் படித்துக் காட்டட்டும். நஜ்வாவுக்கும் ஒரு பிரதி போக வேண்டும். என்னைக் கூப்பிட்டு விசாரித்தால் எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்கிறேன். பள்ளத்தை மூடுகிறவரை நீங்கள் விடாதீர்கள். அவளுக்காக ஏதாவது செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தீர்களே, இதைச் செய்யுங்கள்.

இன்னொன்று. உங்கள் மேல் வருத்தம் இல்லை என்று எழுத ஆசைதான். ஆனால் உங்களுக்காக இனி ஒரு பொய்கூட என்னால் சொல்ல முடியாது, அண்ணே. உங்கள் கையெழுத்தைப் பார்த்தாலே எனக்கு அந்த மத்தியானம் வந்துவிடுகிறது. இனி எனக்குக் கடிதம் எழுத வேண்டாம். வரவும் வேண்டாம். வந்து நின்றால் கதவைத் திறந்துவிடுவேன், சோறும் போடுவேன். அதனால்தான் வராதீர்கள் என்கிறேன்.

இப்படிக்கு,
மலர், த/பெ சின்னையா
யுவனேஸ்வரியின் அம்மா